வரலாற்றுப் பாடமும் மனச்சான்று ஆய்வும்

சென்ற கோடை விடுமுறையில் நைனார்பாளையத்தில் மாணவ மாணவியருக்கென நடைபெற்ற மறைக்கல்வி முகாமில், ஒரு மாலைப் பொழுதில் உரையாற்ற நாம் அழைக்கப்பட்டிருந்தோம். உரை முடிந்ததும், பன்னிரண்டாம் வகுப்புக்குச் செல்லவிருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். “கணக்கு படிச்சா இன்ஜினியர் ஆகலாம். உயிரியல் படிச்சா நர்சு ஆகலாம். வரலாறு படிச்சு என்ன சார் பண்றது? செத்துப் போனவங்களைப் பத்தித் தெரிஞ்சு நமக்கு என்ன ஆகப் போகுது?” என்று கேட்டாள். பின்வரிசையில் சிரிப்பொலி எழுந்தது. அவள் சிரிக்கவில்லை.

அன்று நாம் கூறிய விடை வெறும் மேடை விடை. நேற்றை அறிந்தவனே நாளையை ஆக்குவான் என்று எல்லாரும் சொல்வதையே நாமும் சொல்லி அமர்ந்தோம். அவளும் அமர்ந்துவிட்டாள். ஆனால் அவள் முகத்தில் நிறைவு இல்லை என்பதைக் கவனிக்கத் தவறவில்லை. பிரெஞ்சு வரலாற்றறிஞர் மார்க் பிளாக், இரண்டாம் உலகப் போரின் நடுவே எழுதத் தொடங்கிய ஒரு நூலின் முகப்பில், சிறுவன் ஒருவன் தன் தந்தையிடம் ஏறத்தாழ இதே கேள்வியைக் கேட்டதாகக் குறிப்பிடுகிறார். அந்நூலை அவரால் முடிக்க இயலவில்லை. நாசிகளை எதிர்த்த இரகசிய இயக்கத்தில் சேர்ந்து, பிடிபட்டு, 1944 ஜூன் மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். விடை கூறுமுன் அத்தகையோரே திகைத்து நின்ற கேள்வியை நாம் இரண்டு வாக்கியங்களில் தள்ளிவிட்டோமே என்ற உறுத்தல் வீடு திரும்பிய பின்னும் தொடர்ந்தது. எனவே அவளுக்குத் தரவேண்டிய விடையை இங்கே தேடிப் பார்ப்போம். அதை அவளுடைய ஊரிலிருந்தே தொடங்குவதுதான் முறை.

நயினார் என்ற சொல்லுக்குத் தலைவன், ஆண்டவன் என்பன பொருள். நைனார் என்பதும் அதுவே. தமிழ்ச் சமணர் இன்றும் தம் பெயரோடு அச்சொல்லைச் சேர்த்துக்கொள்கின்றனர். கள்ளக்குறிச்சி மாவட்டத்திலேயே, உளுந்தூர்பேட்டைப் பகுதியில் உள்ள திருநறுங்கொண்டையில், அப்பாண்டைநாதர் கோயில் சமணர் போற்றும் தலமாக விளங்குகிறது. இசுலாமியரிடையேயும் நயினார் என்று பெயர் வைப்பதுண்டு. தென்மாவட்டங்களில் இந்துக் குடும்பங்களிலும் அப்பெயர் வழங்குகிறது. பாளையம் என்பதோ படை தங்கிய இடம். பிற்காலத்தில் பாளையக்காரரின் ஆட்சிப் பகுதியும் அப்பெயர் பெற்றது. ஆக, மூன்று எழுத்தும் நான்கு எழுத்துமாக இணைந்த ஓர் ஊர்ப் பெயருக்குள் சமணத் தலைவரையும் காணலாம், படைத் தலைவரையும் காணலாம், நிலக்கிழாரையும் காணலாம். யார் எதைக் காண விரும்புகிறாரோ அதையே காண்பார் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. பெயர் ஒரு தடயமே, தீர்ப்பு அன்று. கல்வெட்டோ, பழைய நிலப் பத்திரமோ, வேறொரு சான்றோ துணைக்கு வரும்வரை முடிவைத் தள்ளிவைக்கப் பழகுவதே வரலாற்று மாணவர் பெறும் முதல் பயிற்சி. தமக்குப் பிடித்த கதையைத் தாமே ஐயுறுவது அறிவுப் பயிற்சி மட்டுமன்று, அறப் பயிற்சியுமாகும்.

நைனார்பாளையத்திலிருந்து வடமேற்கே, சின்னசேலத்தைக் கடந்து சென்றால் கல்வராயன் மலை. இந்தியா விடுதலை பெற்ற நாள் எது என்று கேட்டால் நம் பிள்ளைகள் அனைவரும் ஒரே குரலில் 1947 ஆகஸ்ட் 15 என்பர். சரியான விடைதான், முழு மதிப்பெண்ணும் உண்டு. ஆனால் அந்த மலையில் வாழும் மக்கள் சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்தார் மரபினரின் ஆளுகையில் இருந்தவர்கள். வரியும் அவர்களுக்கே, உழைப்பும் அவர்களுக்கே. சமவெளியில் ஜமீன்களை ஒழிக்கும் சட்டம் 1948ஆம் ஆண்டிலேயே சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டுவிட்டது. மலையின் ஜாகீர்களோ 1976ஆம் ஆண்டில்தான் முடிவுக்கு வந்து அரசின் நேரடி ஆளுகைக்குள் சேர்ந்தன. இருபத்தொன்பது ஆகஸ்ட் பதினைந்துகள் கொடியேற்றத்தோடு கடந்து போயின. மலையடிவாரத்துச் சந்தைக்குப் புளியும் கடுக்காயும் சுமந்து இறங்கிவந்த ஒரு தாய்க்கு அந்நாள்கள் என்ன பொருள் தந்திருக்கும்? 1947 பொய்யன்று. ஆனால் அது யாருடைய 1947 என்று ஒரு கேள்வியைச் சேர்த்த மாத்திரத்தில், தேர்வுக்கு மனப்பாடம் செய்த ஆண்டு உயிர்பெற்று எழுந்து நம்மையே நோக்குகிறது அன்றோ?

அம்மக்களுக்கு மலையாளி என்று பெயர். இதைக் கேட்டதும் கேரளம் நினைவுக்கு வருவது இயல்பே. ஆயினும் மலைவாழ்வோர் என்பதே இங்குப் பொருள், அவர்கள் பேசுவதும் தமிழே. காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பியர் புறப்பட்டு வந்து ஆளுக்கொரு மலையில் குடியேறினர், மூத்தவர் சேர்வராயன் மலைக்கும் நடுவர் கொல்லிமலைக்கும் இளையவர் பச்சைமலைக்கும் சென்றனர் என்பது அவர்கள் வழிவழியாகக் கூறிவரும் மரபு. 1909இல் வெளியான தர்ஸ்டனின் தொகுப்பிலும் இது பதிவாகியுள்ளது. இதை அப்படியே நடந்த நிகழ்ச்சியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. வெறுங்கதை என்று தள்ளவும் வேண்டியதில்லை. ‘நாங்கள் காட்டில் முளைத்தவர்கள் அல்லர், ஊரும் உறவும் உடையவர்கள்’ என்று ஒரு மக்கள் கூட்டம் தன்னைப் பற்றி எண்ணியதற்கு அது சான்று. எழுத்தில் இல்லாதது எதுவும் வரலாறாகாது என்று எண்ணும் மாணவர், எழுதத் தெரிந்தவர்களின் வரலாற்றை மட்டுமே கற்பார்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அருந்தி அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட கொடுமையை நாம் மறக்கவியலாது. அந்நாள்களில் தேநீர்க் கடைகளில், “எல்லாம் மலைக்காரங்க காய்ச்சுறதாலதான்” என்ற பேச்சு வெகு எளிதாகப் புழங்கியது. வரலாறு கற்றவர் அந்தப் பேச்சோடு நிற்கமாட்டார். மலையில் நிலவுரிமை யாரிடம் இருந்தது, பள்ளியும் சாலையும் எப்போது வந்தன, காய்ச்சுபவருக்குப் பின்னால் முதல் போட்டவர் யார் என்று வினவுவார். சென்னை உயர்நீதிமன்றமும் அத்துயரத்தைத் தொடர்ந்து, கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலை குறித்துத் தானாகவே முன்வந்து வழக்கொன்றை எடுத்துக்கொண்டது. காரணத்தைத் தேடுவது குற்றத்தை மன்னிப்பதாகாது. அயலானைப் பற்றிப் பொய்ச்சான்று சொல்லாதிருப்பது பத்துக் கட்டளைகளுள் ஒன்று. அயலானின் கடந்த காலத்தை அறியாமலே அவனுக்குத் தீர்ப்பிடுவது அக்கட்டளையை எவ்வளவு நெருங்கி வருகிறது என்பதை மறைக்கல்வி வகுப்பிலும் பேசலாம்.

இதுவரை கூறியது எல்லா மாணவருக்கும் பொருந்தும். கிறிஸ்தவ மாணவருக்கோ மேலும் ஒரு காரணம் உண்டு. நம் விசுவாசம் காலத்துக்கு அப்பாற்பட்ட ஒரு தத்துவத்தின்மேல் கட்டப்பட்டதன்று. விசுவாச அறிக்கையில் உரோமை ஆளுநன் ஒருவனின் பெயரை ஞாயிறுதோறும் சொல்கிறோம். நற்செய்தியாளர் லூக்கா தம் நூலைத் தொடங்கும்போதே, கண்ணால் கண்டோர் ஒப்படைத்தவற்றைத் தாம் தொடக்கமுதல் கருத்தாய் ஆராய்ந்ததாகத் தெயோபிலிடம் கூறுகிறார். ஆராய்ச்சிக்கு அஞ்சுகிற சமயமாக இருந்தால் அந்த முன்னுரைக்கு அங்கு இடமே இராது.

விவிலியமே நமக்கு ஒரு வரலாற்றுப் பயிற்சியையும் தருகிறது. சாமுவேல் இரண்டாம் நூலின் 11ஆம் அதிகாரத்தையும் குறிப்பேடு முதல் நூலின் 20ஆம் அதிகாரத்தையும் அருகருகே வைத்துப் படித்துப் பாருங்கள். இரண்டும் அரசர்கள் போருக்குப் புறப்படும் பருவத்தோடு தொடங்குகின்றன. இரண்டிலும் யோவாபு படையோடு செல்கிறார். தாவீது எருசலேமிலேயே தங்கிவிடுகிறார். அதன்பின் சாமுவேல் நூல், தாவீது பத்சேபாவை அடைந்ததையும், அவளுடைய கணவன் உரியாவைப் போர்முனையில் நிறுத்திக் கொல்வித்ததையும் ஒன்றுவிடாமல் விவரிக்கிறது. குறிப்பேடோ அந்த இடத்தைத் தாண்டி, கைப்பற்றிய மணிமுடி தாவீதின் தலையில் ஏறியதற்குச் சென்றுவிடுகிறது. குறிப்பேட்டின் ஆசிரியரைப் பொய்யர் என்று நாம் சொல்லமாட்டோம். நாடுகடத்தப்பட்டுத் திரும்பிய மக்களுக்கு ஆலயத்தையும் வழிபாட்டையும் காட்டி ஊக்கமளிப்பது அவருடைய நோக்கம். இருப்பினும், நம் கையில் அந்த ஒரு நூல் மட்டுமே இருந்திருந்தால் உரியா என்ற மனிதன் சிந்திய குருதி மண்ணோடு மறைந்திருக்கும். திருச்சபை இரு நூல்களையும் வைத்துக்கொண்டது. மத்தேயு அதற்கும் ஒரு படி மேலே சென்று, ஆண்டவர் இயேசுவின் மூதாதையர் பட்டியலில், பத்சேபாவின் பெயரைக் கூடச் சொல்லாமல், உரியாவின் மனைவி என்றே குறிப்பிடுகிறார். மீட்பரின் குலவழியைச் சொல்லும் இடத்திலேயே அக்குடும்பத்தின் கொலைக்குற்றமும் நினைவூட்டப்படுகிறது. நம் வீட்டுத் திருமண அழைப்பிதழ் ஒன்றில் இப்படி அச்சிடத் துணிவோமா?

சில ஆண்டுகளுக்கு முன், வேறொரு மாவட்டத்தில், ஒரு பங்கின் நூற்றாண்டு விழா மலர்க் குழுவில் நாமும் ஓர் உறுப்பினராய் இருந்தோம். பங்கின் பெயர் இங்கு வேண்டாம். இளைஞர் இருவர் ஊரின் முதியோரைச் சந்தித்து நினைவுகளைக் குறித்துவந்தனர். கோபுரம் கட்டியது, மணி வந்து இறங்கியது, தேர் செய்தது, இவற்றோடு ஒரு மூதாட்டியின் வாய்மொழியும் அவர்களுடைய குறிப்பேட்டில் இருந்தது. பழைய ஆலயத்துக்குள் நின்றிருந்த ஒரு குட்டைச் சுவரைப் பற்றியது அது. குழுவில் மூத்தவர் ஒருவர், “ஆறின புண்ணை எதுக்குக் கீறணும்? அந்தக் காலம் அப்படி” என்றார். அவர் தீயவர் அல்லர், ஊருக்கு உழைத்தவர். கூட்டம் அமைதியாயிற்று. நாமும் அமைதியாயிருந்தோம். மலர் வழவழப்பான தாளில் அழகாக வெளிவந்தது. நாம் குறிப்பேட்டின் ஆசிரியராய் இருந்தோம். சாமுவேல் நூலை எழுதும் துணிவு நமக்கு இல்லை.

‘அந்தக் காலம் அப்படி’ என்ற சொல்லைச் சற்றே ஆராய்வோம். ஏனெனில் வரலாற்றைப் பற்றிப் பேசும்போது நாம் மிகுதியாகக் கையாளும் வாதம் அதுவே. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. முன்னோரை நம் காலத்து அளவுகோலால் மட்டும் அளந்து இகழ்வது எளிய வீரம். அவர்கள் நின்ற இடத்தில் நாமும் நின்றிருந்தால் அவர்களைப் போலவே நடந்திருப்போம். ஆனால் இவ்வாதம் எங்கே உடைகிறது என்பதைக் காட்ட ஒரு சான்று உண்டு. புதுச்சேரியில் துய்ப்ளேயின் துபாஷாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். 1745ஆம் ஆண்டுக் குறிப்புகளில், புதுச்சேரி ஆலயத்துக்குள் சாதிக் கிறிஸ்தவரையும் இன்று நாம் தலித் கிறிஸ்தவர் எனக் கூறுவோரையும் பிரித்து நின்ற சுவரைப் பற்றி எழுதுகிறார். தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்கள் குருவிடம் சென்று, தாங்களும் அவருடைய சீடர்களே எனில் இந்த வேறுபாடு ஏன் என்று முறையிட்டனர். குருவும் அதன் நியாயத்தை ஏற்றுச் சுவரை இடிக்கச் செய்தார்.

இதை எழுதியவர் கிறிஸ்தவரும் அல்லர், முறையிட்டவர்களிடம் பரிவுகொண்டவரும் அல்லர். ஊரில் நடந்த பரபரப்பைக் குறித்துவைத்தார், அவ்வளவே. அதனால்தான் அச்சான்று வலிமையுடையதாகிறது. அதிலிருந்து நாம் அறிவது என்ன? 1745இலேயே அது அநீதி என்று அறிந்தவர்கள், அறிந்ததை வாய்விட்டுக் கூறியவர்கள் ஆலயத்துக்குள்ளேயே இருந்தனர். ஆக, ‘அந்தக் காலம்’ அநீதியை அறியாமலிருந்தது என்பது உண்மையன்று. சுவரின் ஒரு பக்கத்தில் இருந்தோர் அறியாதிருந்தனர், அல்லது அறிய விரும்பாதிருந்தனர். மறுபக்கத்தில் இருந்தோர் நாள்தோறும் அறிந்திருந்தனர். அந்தக் காலம் என்று நாம் சொல்லும்போது யாருடைய காலத்தைச் சொல்கிறோம்? கல்வராயன் மலையைக் குறித்து எழுந்த அதே கேள்வி இங்கேயும் வந்து நிற்கிறது.

அச்சுவரோடு கதை முடியவில்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில், பத்தொன்பதாம் நூற்றாண்டில், இரு சாதிப் பிரிவினரும் ஒருவரையொருவர் காணாமல் ஒரே பீடத்தை நோக்கும்படி இரு கிளைகளாகப் பிரிந்த ஆலயமே எழுப்பப்பட்டது. 1910இல் தடுப்பு அகற்றப்பட்டபோது, அதைத் திரும்ப எழுப்பக் கோரியோர் நீதிமன்றம் சென்றனர். வழக்கு சென்னை உயர்நீதிமன்றம்வரை போய்த் தோற்றது. 1982இல் திருச்சிராப்பள்ளியில் கூடிய இந்திய ஆயர் பேரவை, சாதிப் பாகுபாடு சமூகத் தீமை மட்டுமன்று, பாவமும் ஆகும் என்று தெளிவுறுத்தியது. பின்னரும், 2008 மார்ச் 9ஆம் நாள், நம் கள்ளக்குறிச்சி வட்டாரத்து எறையூரில், தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டதையொட்டி மூண்ட மோதலில் காவல்துறை சுட்டதில் இருவர் மாண்டனர். மாண்டவர் இருவரும் நம் கத்தோலிக்கச் சகோதரர். மறுதரப்பில் வீடிழந்து நின்றவர்களும் நம்மவரே. ஆறிய புண் என்று சொன்ன பெரியவரிடம் இந்த ஆண்டுகளை வரிசையாகச் சொல்லியிருக்க வேண்டும். அன்று நமக்கு அவை தெரிந்திருந்தும் சொல்லவில்லை.

வரலாறு கற்பதால் வேலை கிடைக்குமா என்பது வேறு கேள்வி. (கிடைக்கும், ஆட்சிப் பணித் தேர்வுகளுக்கு அமர்வோர் அதை நன்கறிவர்.) ஆனால் ஒப்புரவு அருட்சாதனத்துக்குச் செல்லுமுன் நாம் மனச்சான்றை ஆராய்கிறோம். நினைவில் கொண்டுவராத பாவத்துக்காக மனம் வருந்த இயலாது. தனி ஆளுக்கு அது எப்படியோ, ஒரு குடும்பத்துக்கும் ஊருக்கும் திருச்சபைக்கும் வரலாறு அப்படி. திருத்தந்தை 13ஆம் சிங்கராயர் 1881இல் வத்திக்கான் ஆவணக் காப்பகத்தை ஆய்வாளருக்குத் திறந்துவிட்டார். திருச்சபைக்கு உண்மையால் தீங்கு வராது என்ற உறுதி அவருக்கு இருந்தது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 2000 மார்ச் 12ஆம் நாள் தூய பேதுரு பேராலயத்தில், திருச்சபையின் பிள்ளைகள் கடந்த நூற்றாண்டுகளில் இழைத்த தவறுகளுக்காக இறைவனிடம் மன்னிப்பு வேண்டினார். நேற்றைய பாவத்துக்கு இன்றுள்ளவர் குற்றவாளி அல்லர். ஆயினும் அப்பாவத்தினால் கிடைத்த முன்வரிசை இருக்கை இன்றும் நம்மிடம் இருக்குமானால், அதைப் பற்றிய பொறுப்பு நம்முடையதே.

இங்கே மாணவர் மற்றொரு பக்கம் சறுக்கிவிடாமலும் காத்துக்கொள்ள வேண்டும். வரலாற்றை எதிராளியின் மண்டையில் அடிக்கும் தடியாக்குவோரும் நாட்டில் பெருகியுள்ளனர். அவர்கள் பிறருடைய பாவங்களை மட்டுமே ஆராய்கிறார்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தை எடுத்துக்கொள்வோம். அக்காலத்தில் புதுச்சேரி மறைப்பணித்தளத்தில் பாரிஸ் மறைபரப்புச் சபைக் குருக்களிடம் பல்லாயிரம்பேர் திருமுழுக்குப் பெற்றனர். “உங்க முப்பாட்டன் கஞ்சிக்கு மதம் மாறினவன்” என்று இன்று நம் பிள்ளைகளைக் குத்திப் பேசுவோர் உண்டு. நம்மவரோ பஞ்சத்தையே சொல்லாமல், அருளின் வெள்ளம் என்று மட்டும் எழுதிவிடுகின்றனர். இரண்டும் பசியறியாதவர் பேச்சு. வயிறு எரிந்துகொண்டிருக்கையில் கதவைத் திறந்தவரிடம் ஒரு மனிதன் சென்றால், அவன் நாடியது கஞ்சியா, அவனை மனிதனாய் நடத்திய முகமா என்று பிரித்துக் கூறுவது எப்படி? குருக்கள் எழுதிய மடல்களில் திருமுழுக்குகளின் எண்ணிக்கை உண்டு. பெற்றவர்களின் கையில் எழுதுகோல் இல்லை. பஞ்சம் நீங்கிய பிறகும் அவர்களுள் தலைமுறை தலைமுறையாய் நிலைத்தவர்கள் இருக்கிறார்கள் என்பதையும் சான்றாகக் கொள்ளத்தானே வேண்டும்?

மீண்டும் நைனார்பாளையம் செல்லும் வாய்ப்பு அண்மையில் கிட்டியது. அந்த மாணவியைக் கண்டு, இவற்றையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னோம். பங்கின் பழைய திருமுழுக்குப் பதிவேட்டைப் பங்குத்தந்தையின் அனுமதியோடு பார்க்கலாம், ஒரே பெயர் எத்தனை முறை வருகிறது, எந்த ஆண்டில் இறப்புகள் கூடுகின்றன என்று குறித்துக்கொள்ளலாம் என்றோம். வீட்டுப் பத்திரங்களில் எல்லை சொல்லும் வரிகளைப் படித்துப் பார்க்கவும், பாட்டியிடம் கேட்கும்போது அவர் சொல்வதைத் திருத்தாமல் எழுதவும், அதையே வேறொருவரிடமும் கேட்டு ஒப்பிடவும் சொன்னோம். விழா மலரில் விடுபட்ட செய்தியையும் மறைக்காமல் சொன்னோம். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அந்தப் பாட்டி சொன்னதை நீங்க இப்பவாவது எழுதலாமே சார்?” என்றாள்.

அம்மூதாட்டி இன்று இல்லை. இளைஞர்களின் குறிப்பேட்டில் நாம் படித்தது இவ்வளவே: “எங்கம்மா என்னை இடுப்புல வெச்சுக்கிட்டு வடக்கு வாசல்லதான் நிக்கும். சுவத்துக்கு அந்தாண்ட பீடம் கண்ணுக்குத் தெரியாது. மணிச் சத்தம் கேட்டா முழங்கால் போடுவோம். நான் பீடத்தை மொதமொதல்ல பாத்தது சுவரை இடிச்ச அன்னிக்கு. அப்ப எனக்கு ஒம்பது வயசு.”